தாளின் போக்கில்

பிர்ச் மரக்கூழ், கிராஃபீன் செதில், தண்ணீர்.
கலக்கினால்
பனி உருகும் நாளில் சாலையோரச் சேறு.
வடிகட்டியில் ஊற்றிக் கீழிருந்து காற்றை உறிஞ்ச
செதில்கள் ஒவ்வொன்றாய்ப் படுத்துக்கொள்கின்றன,
கடைசி ரயிலில் தூங்குகிறவர்கள் போல
ஒருவர் தோளில் ஒருவர்.
பிறகு அழுத்தம். பிறகு உலர்த்தல்.
பிறகு, பெரும்பாலும், சுருக்கம்.

காகிதமாய் வளையவும் வேண்டும்,
செம்பைப் போலக் கடத்தவும் வேண்டும்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
இது நாற்பத்தொன்றாவது தாள்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
வாகன நிறுத்தத்தில் எங்கள் கார்கள்
மின்கம்பியில் கட்டிய மாடுகளாய் நிற்கின்றன,
என்ஜின் உறையாதிருக்க.
ஆலையிலிருந்து வரும் கந்தக நெடியை
இங்கே யாரும் நாற்றம் என்பதில்லை.
சம்பளம் என்போம்.

எதிரே தார்மோ, கேமராவின் குவியத்தைத் திருகியபடி.
பதினோரு ஆண்டுகளாக ஒரே மேசை.
அவன் விரலில் மோதிரம் இருந்த இடம்
டிசம்பரிலிருந்து வெளுத்துக் கிடக்கிறது.

இந்தப் பொருளுக்கு ஒரு குணம்:
தாளின் போக்கில் வெப்பம் ஓடும்.
குறுக்கே,
ஒரு தலைமுடியின் தடிமன்தான்,
தயங்கி நின்றுவிடும்.
மேல்பக்கம் தொட்டது கீழ்ப்பக்கத்துக்குத் தெரியுமுன்
ஓரங்களெல்லாம் அறிந்துவிடும்.
சிர்க்கா வீட்டைவிட்டுப் போனது
தபால் நிலையத்துக்குத் தெரியும்,
உணவகத்தில் சூப் ஊற்றுகிறவளுக்குத் தெரியும்,
பனி வாரும் லாரிக்காரனுக்கும் தெரியும்.
எதிர் நாற்காலியில் இருக்கும் எனக்கு
ஜனவரி கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

இன்று சூடேற்றி பழுது.
உதிரிப்பாகம் திங்கட்கிழமை வருமாம்.
"விரல் இருக்கிறதே" என்றேன்.
விதிமுறையில் இல்லாத சோதனை.
கையுறையைக் கழற்றி ஒரு முனையை நான் பிடிக்க,
திரையில் நீலத்தின் ஓரம் கசிந்து
மஞ்சள் உள்ளே நடந்தது.
கொஞ்சம் யோசித்து
மறுமுனையை அவன் பிடித்தான்.

இரண்டு பக்கமிருந்தும் வந்தது நிறம்.
நடுவில் ஒரு பச்சைக் கோடு,
நூல் அகலம்.
பிறகு நூலும் இல்லை.

"கோடு போய்விட்டது" என்றான்.
"பார்த்தேன்."
மின்விசிறியின் இரைச்சல்.
"சுவர்க்கடிகாரத்தை அவள் எடுத்துப்போகவில்லை.
சாவி கொடுப்பது யார் வேலை என்று
எனக்குத் தெரிந்ததே இல்லை.
நான்கு பத்தில் நிற்கிறது."

என்ன சொல்வது என்று வரவில்லை.
தாளை விட்டுவிடவும் தோன்றவில்லை.
தேவைக்குமேல் பத்து வினாடி,
இருபதாகவும் இருக்கலாம்,
நாங்கள் எண்ணவில்லை, எண்ணுவதே
எங்கள் பிழைப்பு என்றபோதும்.

மாலையில் பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி 41. சுருக்கம் இல்லை.
இரு முனைகளிலும் உடல் வெப்பம் கலந்ததால்
அளவீடு செல்லாது.

அவன் படித்துப் பார்த்தான்.
பேனாவை வாங்கிக் கீழே சேர்த்தான்:
மீண்டும் செய்யவும்.