நூற்றுக்கு ஒன்று

அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவள் நான்.
மார்ச் மாதம். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
மடக்கு நாற்காலிகளில் முன்னூறு பேர்,
நனைந்த கம்பளிக் கோட்டு வாடை.
ஹாரோ தீவில் கைமாறும் ஒவ்வொரு வீட்டுக்கும்
நூற்றுக்கு ஒன்று:
விற்பவர் பாதி, வாங்குபவர் பாதி.
அந்தப் பணத்தில்,
இங்கே வேலை செய்கிறவர்கள்
இங்கேயே தூங்க வீடு.

மெர்ல் திபோடோ கைகளை எண்ணினார்.
நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.
நான்கு கை வித்தியாசம்.
ராய்ஸ் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான்,
இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்.

நகர அலுவலகத்தில் ரசீது போடுவது என் வேலை.
முதல் வருடம் பதினேழு விற்பனை.
பாஸ்டனிலிருந்து வந்த ஒருவர்
பேனாவைத் திறக்காமல் கேட்டார்:
"இது என்ன, தண்டமா?"
படகுக் கட்டணம் மாதிரிதான் என்றேன்.
கையெழுத்துக் காய்வதற்குள்
குழாய் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது என்றார்.
ஆர்லினை. ஆனால் அவன்
நாலரைப் படகில் அக்கரைக்குப் போய்விடுவான்,
அதற்கு முன்னால் வெடித்தால் உத்தமம்.

மூன்றாம் வருடம் அக்டோபரில்
ராய்ஸும் நானும் பிரிந்தோம்.
சண்டை போடக்கூடச் சரக்கு தீர்ந்திருந்தது.
வீட்டை விற்று நடுவில் கிழித்தோம்.
எட்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.
கேட்கப் பெரிய தொகைதான்,
வங்கி முதல் பந்தியில் உட்காரும்வரை.

'விற்பவர்' என்ற கட்டத்தில்
என் பெயரை நானே எழுதினேன்:
டோர்காஸ் பீல்.
"நீதானே கை தூக்கினாய்" என்றான் ராய்ஸ்.
சிரித்தானா, சுட்டானா தெரியவில்லை.
ஆமாம் என்றேன். முத்திரை குத்தினேன்.
கை நடுங்கியது என்று எழுத ஆசை.
நடுங்கவில்லை.
கணக்கு சரியாக இருந்தது.

என் பங்குக்கு இரண்டாயிரத்து நூறு.
மதிய இடைவேளையில்
ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலை எடுத்து
விரல் வைத்துத் தேடினேன்,
இதற்கு என்ன வரும்?
ஜன்னல் என்றால் மூன்று, கொக்கி தனி.
கூரை என்றால் ஒரு சாய்வில் கால்வாசி.
வாசற்கதவு என்றால் ஒன்று,
நிலையோடு, கீலோடு, கூலி சேர்க்காமல்.
கதவு என்று வைத்துக்கொண்டேன்.

குவாரிச் சாலையில் பன்னிரண்டு வீடுகள் எழுந்தன.
பனி வாரும் வண்டி ஓட்டுகிற டால்ட்டனுக்கு ஒன்று.
இரண்டு குளிர்காலம்
காரின் பின்சீட்டில் சீருடையை மடித்துவைத்த
இரவு நர்ஸ் யெசேனியாவுக்கு ஒன்று.
ஒரு மாலை நாலரைப் படகு கிளம்பியபோது
ஆர்லின் அதில் இல்லை.
கையில் பால் பாட்டிலோடு கரையில் நின்று
வேண்டாத உறவை வழியனுப்புகிறவன் மாதிரி
அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

நானா?
மீன் ஐஸ் கிடங்குக்கு மேல் ஓர் அறை,
மே மாதம் வரை.
அப்புறம் கோடைக்காரர்கள், மூன்று மடங்கு வாடகை.
காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தோராவது ஆள்.
அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் நான்தான்.
நான்கை அழித்தால் ஒன்று.
ஒரு விரல் வேலை.
செய்யவில்லை என்பதைப்
பெருமைக்குச் சொல்லவில்லை;
சில மாலைகளில்
அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எட்டாம் எண் வீட்டுக்கு
ஒரு படிவம் கொடுக்கப் போனேன்.
கடல் ஈரத்தில் கதவு உப்பியிருந்தது.
உள்ளேயிருந்து யெசேனியா
தோளால் இடித்துத் திறந்தாள்.
"சனியன் பிடித்த கதவு,
எவன் காசில் வாங்கினார்களோ" என்றாள்.

அடியில் கொஞ்சம் இழைத்தால் போதும் என்றேன்.
குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
நல்ல மரம்தான்.