காப்பு

நூலின் தலையில் ஒரு வெண்பா வைத்துக்
காப்புக் கேட்பது நம்மவர் வழக்கம்.
இந்த நூலில் நாற்பத்தெட்டுப் பக்கமும் காப்புத்தான்.
ஆனைமுகன் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தொலைபேசி இலக்கம்,
வார நாட்களில், எட்டிலிருந்து ஆறு வரை.

உட்கூரை விழுந்ததோ
செவ்வாய் இரவு பத்தே முக்காலுக்கு.
சுவிண்டனில், ரயில்வேக்காரருக்கென்று கட்டிய
வரிசை வீடுகளில் ஒன்று.
அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த பருப்பின்மேல்
ஒரு வாளித் தண்ணீரும்
நூற்றிருபது வருஷச் சுண்ணாம்பும்.
கோகுலன் சட்டியைத்தான் முதலில் பார்த்தான்.
நான் மேலே பார்த்தேன்.
குளியலறையின் அடிவயிறு தெரிந்தது.

விடியும்வரை வாசித்தோம்.
வீடு எரிந்தால் உண்டு.
புயல் ஓட்டைப் பெயர்த்தால் உண்டு, வேலியைச் சாய்த்தால் இல்லை.
திருடன் கதவை உடைத்து வந்தால் உண்டு,
திறந்து கிடந்த கதவால் வந்தால் இல்லை.
மண் இறங்கிச் சுவர் பிளந்தால் உண்டு,
முதல் ஆயிரம் பவுண் நம்முடையது.
யுத்தம் என்றால் இல்லை;
அந்த வரியைக் கோகுலன் இரண்டு தரம் வாசித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினான்.
வீட்டின் விலைக்கு அல்ல இந்தக் காப்பு,
திரும்பக் கட்டும் செலவுக்கு. நிலத்துக்கு இல்லை.
நிலம் எங்கும் போகாது என்பது அவர்கள் எண்ணம்.

பிறகு முப்பத்தோராம் பக்கம்:
குழாயிலிருந்து திடீரெனப் பாயும் நீருக்கு உண்டு.
மெல்ல மெல்ல நேர்வது எதற்கும் இல்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று
நாம் பெருமையாகச் சொல்வதை
இவர்கள் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை டெரன்ஸ் அப்டன் வந்தார்,
நட்டத்தை அளப்பவர்.
சப்பாத்துக்கு நீல உறை மாட்டி,
தேநீர் வேண்டாம் என்று,
இரண்டு ஊசி வைத்த கருவியைச் சுவரில் குத்திக்
காய்ச்சல் பார்ப்பதுபோல் காத்திருந்தார்.
விழுந்ததில் ஒரு துண்டை எடுத்து
உடைந்த ஓரத்தை விரலால் வருடினார்.
வெள்ளை. அதன்கீழ் பழுப்பு. அதன்கீழ் மறுபடி வெள்ளை.
"இதை முதலில் எப்போது கண்டீர்கள்?"

"செவ்வாய்," என்றான் கோகுலன், உண்மையாகவே.
அவனுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.
போன வருஷம், ஒரு பென்னிக் காசளவு,
தேயிலைக் கறை போல.
அந்தக் கிழமைதான் அவனுக்கு வேலை போயிருந்தது.
இதையும் எதற்கு அவனிடம் சொல்லவேண்டும் என்று
அவன் நித்திரையான பிறகு
கதிரையில் ஏறிப் பூசினேன்.
வைகாசியில் இன்னொரு தரம்.
மிச்ச வர்ணம் படிக்குக் கீழே தகரத்தில் இருக்கிறது.

கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.
பேனை கோகுலனைப் பார்த்தபடி நின்றது.
ஆறாயிரத்து நானூறு பவுண்,
ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம்.

"மாசி," என்றேன்.
தமிழில் சொல்லிவிட்டது உறைத்து,
"பெப்ரவரி. போன வருஷம்."

கோகுலன் என்னைப் பார்த்த பார்வைக்கு
எந்தப் பிரிவிலும் இலக்கம் இல்லை.

மூன்று வாரத்தில் கடிதம்.
உட்கூரைக்கு இல்லை. குழாய்க்கு இல்லை.
ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைக்கும் செலவும்
உடைத்ததை மூடும் செலவும் அவர்களுடையது.
துளையைத் தேடக் காசு உண்டு,
துளைக்குத்தான் இல்லை.

வந்த பையன் ஓடு பெயர்த்து, பலகை அறுத்து,
அரை நாள் காது வைத்துக் கேட்டுக்
கடைசியில் விரலால் காட்டினான்.
கோகுலன் டோர்ச் பிடித்தான்.
ஊசி முனையளவு.
"இதுவா?" என்றான். பையனிடம் அல்ல.
"ஓம்," என்றேன்.

பின்னேரம் படிக்குக் கீழே குனிந்து
அந்தத் தகரத்தை எடுத்துவந்தான்.
குலுக்கிப் பார்த்தான்.
"காணாது," என்றான். "வேறை வாங்கவேணும்."