முப்பத்தோராம் நாள்

மாதக் கடைசி.
பதிவறையில் விசிறிக் காற்றுக்குத் தாள்கள் பறக்காமல்
வெறும் சேலைன் போத்தலொன்றைப் பாரமாக வைத்து
எண்ணுகிறேன்:
துண்டு வெட்டி வீட்டுக்குப் போனவர்களில்
முப்பது நாளுக்குள் திரும்பி வந்தவர் எத்தனை பேர்?

ஒன்பதாம் விடுதி, இரண்டு தசம் ஒன்று.
பதினோராம் விடுதி, எட்டுத் தசம் நாலு.
கூட்டத்தில் அந்த எட்டு சிவப்பில் விழும்.
சேர்ஜன் சாரங்கரூபன்
பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார்.

அவர் துண்டு வெட்டும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன்.
"காய்ச்சல் எண்டா வாங்கோ.
காயம் சிவந்தா வாங்கோ.
ஒண்டுமில்லை, பயமாக் கிடந்தாலும் வாங்கோ."
வந்தார்கள்.
கொடிகாமம் பஸ்ஸில் நின்றபடியே ஒருத்தி.
ஓட்டோக் குலுக்கலில் வயிற்றைப் பொத்தியபடி ஒருவர்.
வேறு விடுதிகள் கைவைக்க யோசித்த
சீனி வியாதிக் கால்கள்,
எண்பத்தொரு வயதுக் குடல்கள்.
எட்டுத் தசம் நாலு.

ஒன்பதாம் விடுதியில் மரியறோக்,
நெடுந்தீவு, குடலிறக்கம்.
பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது.
தீவு ஆஸ்பத்திரி பனடோல் கொடுத்தது.
சோளகம். மூன்று நாள் படகில்லை.
நாலாம் நாள் படகு வந்தது,
அவருக்கு அது தேவைப்படவில்லை.
மகன் காப்புறுதிக் கையெழுத்துக்கு வந்து
கிளினிக் கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனபோதுதான்
எனக்கே தெரியும்.
திரும்பி வராதவர்.
என் நிரலில் அவர்
ஒரு நல்ல சத்திரசிகிச்சை.

பூமலர் வந்தாள்.
சந்நிதித் தேர் முடியட்டும் என்று
காய்ச்சலைச் சேலைக்குள் ஒளித்துவைத்து,
தையல் வாயில் சீழோடு
முப்பத்தோராம் நாள் காலை.
கணினி அவளைப் புது நோயாளி என்றது.
நான் மறுக்கவில்லை.
மறுக்க ஒரு பெட்டி இல்லை.

நான் பொய் எழுதவில்லை. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் தரமும் அதே இரண்டு, அதே எட்டு.

படிவத்தின் அடியில்
குறிப்புகளுக்கென்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்,
இரண்டு விரல் அகலம்.
பத்து வருடமாய் வெறுமையாய் அனுப்பியிருக்கிறேன்.
இம்மாதம் ஒன்பதாம் விடுதிக்கு நேரே
தமிழில் ஒரு சொல் எழுதினேன்:
சோளகம்.

கொழும்பில் யாராவது
அதை ஒரு நோயின் பெயரென்று நினைத்து
அகராதி தேடட்டும்.