மூன்று மணிக்கு வாங்க

"ஐயா கூட்டத்தில. மூண்டு மணிக்கு வாங்க."
கச்சேரிப் பொடியன் தலை நிமிரவில்லை.
மணி எட்டு ஐம்பது.

வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் நின்றபடி வந்தது
ஒரு சுழிக்காக.
நான் பூரணலெட்சுமி.
காணிப் பேமிற்றில் பூரணலெட்சமி.
அந்தச் சுழி இல்லாவிட்டால்
முக்கால் ஏக்கர் கச்சான் நிலம்
வேறு எவளுக்கோ சொந்தம்.

வாங்கில் இருக்கலாம். இருந்துதான் பழக்கம்.
நாற்பது தரம் வந்திருப்பேன் இந்த ஊருக்கு.
நாற்பதிலும் வரிசை:
ஆஸ்பத்திரி, வங்கி,
ஒரு தரம்
சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியல்.
முன்னால் நிற்பவளின் பிடரிதான்
எனக்குத் தெரிந்த மட்டக்களப்பு.

எழும்பினேன்.

கச்சேரி கோட்டைக்குள்ளே என்பது தெரியும்.
சுவரில் கை வைத்தது இன்றுதான்.
முருகைக்கல். உள்ளங்கையில் ஈரம்.
மேலே ஒரு பீரங்கி
வாவியையே பார்த்துக்கொண்டு,
வாய்க்குள் யாரோ செருகிய ஐஸ்கிரீம் கோப்பையோடு.
போர்த்துக்கேயன் இருந்தான், ஒல்லாந்தன் இருந்தான்,
பிறகு வெள்ளைக்காரன்.
எல்லாரும் இதற்குள் இருந்து கடதாசி எழுதியிருப்பார்கள்.
எல்லாரும் எவளோ ஒருத்தியின் பெயரைப்
பிழையாகத்தான் எழுதியிருப்பார்கள்.

புளியந்தீவில் எந்தத் தெருவைப் பிடித்தாலும்
முடிவில் தண்ணீர்.
வழி கேட்டேன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம்.
"ஆத்தப் பாத்து நடங்க, மறுகா கிறுகுங்க."
எந்தப் பக்கம் ஆறு?
அவள் சிரித்தாள்:
எல்லாப் பக்கமும்.

சந்தைக்குக் கிட்ட செருப்பு வார் அறுந்தது.
ஒற்றைக்காலில் நொண்டிப்போய் நின்றது
சிரில் பல்தசார் என்று பலகை போட்ட ஒடுங்கின கடை.
சப்பாத்தும் தைப்பார், சைக்கிளும் பூட்டுவார்.
ஊசி ஏற ஏற வாய்க்குள் எண்ணினார்:
உங், தோஸ், த்ரேஸ்...
"என்ன பாஷை அண்ணை?"
"எண்ணுற பாஷை.
மத்ததெல்லாம் தமிழ்தான். ஏசுறதும் தமிழ்தான்."
ஐம்பது ரூபாய். ஏழு தையல்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.
சஹாப்தீன் கடையில் ஒரு பிளேன்ரீ, ஒரு வாழைப்பழம்.
"ஆரையும் பாக்க வந்தீங்களா?"
இல்லை.
"மருந்து எடுக்கவா?"
இல்லை, சும்மா நடக்கிறன்.
பாதி ஊற்றிய கேத்திலோடு அவர் நின்றார்.
சும்மா என்ற சொல்லைச் சொல்லி எத்தனை வருஷம்!
நாக்கில் கொஞ்சம் கூச்சமாய் இருந்தது.

கல்லடிப் பழைய பாலம்.
இதையும் நான் நடந்து கடந்தவள்தான்,
பஸ்ஸால் இறக்கி,
அடையாள அட்டையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி.
அப்போது இரும்பின் நிறம் தெரியவில்லை.
இன்று நடுவில் நின்றேன்.
கீழே ஒருவன் தோணியில் வலை உதறினான்.
பாடுமீன் கேட்குமா என்று குனிந்து கூவினேன்.
"பறுவத்துக்கு, ராவையில வாங்க!
இப்ப மோட்டச்சைக்கிள்தான் பாடும்."
மீனுக்கும் என்னைப்
பிறகு வரச்சொல்லத்தான் தெரிகிறது.

கரையோரம் நெடுக நடந்தேன்.
கொடியில் காயும் பள்ளிச் சட்டைகள்,
ஒரு மதிலுக்குப் பின்னால் பியானோவில்
அதே இடத்தில் அதே பிழை விடும் யாரோ ஒரு விரல்,
கண்ணாவின் வேரில் மாட்டிய நீலப் போத்தல்.
ஒன்றும் வாங்கவில்லை.
எங்கேயும் கையெழுத்து வைக்கவில்லை.
சுற்றிச் சுற்றி
கோட்டை வாசலுக்கே கால் வந்து சேர்ந்தபோது
இரண்டு ஐம்பத்தைந்து.

ஐயா நீலப் பேனையை எடுத்தார்,
சு-வுக்குச் சுழி போட்டார்,
பக்கத்தில் சின்னதாய் ஒரு கையெழுத்து.
இருமி முடிக்கிற நேரம்கூட இல்லை.
"காத்திருக்க வச்சிட்டம், குறை நினைக்காதேங்க அம்மா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாகரை பஸ்ஸில் யன்னல் கரையில் இடம் கிடைத்தது.
பெருவிரலுக்கு மேல் ஏழு தையலும்
உரசி எரிந்தன.
தம்பியின் பத்திரத்தையும்
ஒருக்கா விரித்துப் பார்க்க வேணும்,
எங்காவது எழுத்துப் பிழை
இல்லாமலா போகும்?