மேஸ்திரியின் எடை

மிளகு நிறுக்கும் தராசில்தான்
உன்னையும் நிறுத்தேன்.
தட்டில் பழைய துண்டை விரித்து,
துண்டின் எடையைக் கழித்து,
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
தை பிறந்தபோது மூன்று கிலோ எண்ணூறு.
மாசி நடுவில் மூன்று நூறு.
பங்குனி முதல் வாரம் இரண்டு அறுநூறு.
எஸ்டேட் கணக்கில் இருபது வருஷம்;
குறைவதை எழுத
அதுவரை கை கூசியதில்லை.

மேஸ்திரி என்று பெயர் வைத்தது பொன்னுரங்கம்.
களத்தில் காப்பிப் பழம் காயும்போது
ஓரமாக நடந்து நடந்து
கிளறுகிறவர்களை முறைத்துப் பார்ப்பாயாம்.
நீ பெண் என்று தெரிந்தபோது
வவுச்சர் பெட்டிக்குள்
மூன்று குட்டி போட்டிருந்தாய்.
பெயரை மாற்ற யாருக்கும் துணிவில்லை.

பதினாறு வயதில்
கீழ்த்தாடையில் புளியங்கொட்டை அளவு ஒரு வீக்கம்.
பல்வலி என்றுதான் நினைத்தேன்.
சேலத்தில் டாக்டர் இளவேனில் வாயைத் திறந்து
டார்ச் அடித்துப் பார்த்தார்.
டார்ச்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம்
வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அறுத்தா தாடையே போயிடுங்க.
வயசும் ஆச்சு. வலி இல்லாம வெச்சுக்குவோம்."
வெச்சுக்குவோம் என்றாரே,
அந்தப் பன்மைக்காக
இன்னும் நூறு ரூபாய் கொடுக்கலாம் போலிருந்தது.

பிறகு இரவெல்லாம் இதே வேலை:
மாத்திரையை பிளேடால் நாலாக வெட்டி,
கால் துண்டைத் தூளாக்கி,
மத்தி வேகவைத்த தண்ணீரில் கரைத்து,
ஊசி கழற்றிய சிரிஞ்சில்
கடைவாய் ஓரமாக, சொட்டுச் சொட்டாக.
பாதி உன் நெஞ்சில், கால் என் புடவையில்,
மீதி உள்ளே.
வெந்நீர்ப் பை ஆறிப்போனால்
நீ முனகமாட்டாய். பார்ப்பாய்.
களத்தில் பார்த்த அதே பார்வை.

நாற்றம் இப்படி இருக்கும் என்று
யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
பார்க்க வந்த என் தங்கை அருள்செல்வி
ஜன்னலைத் திறந்துவிட்டு,
"ஒரு பூனைக்காகவா இவ்வளவு" என்றாள்.
அவர் படுத்துக் கிடந்தபோதும்
இந்த ஜன்னலைத் திறந்தது அவள்தான்.
அப்போது 'இவ்வளவு' என்று சொல்ல ஒன்றும் இல்லை.
நான் சிடுசிடுத்தேன்,
கஞ்சியை டம்ளரோடு வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.
இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்,
சிரிஞ்சைக் கழுவிக்கொண்டே,
முதுகைக் காட்டியபடி.

பூமழை பெய்த ஒன்பதாம் நாள் விடியலில்
நாகலூர்ச் சரிவு முழுக்க
காப்பி பூத்து வெள்ளையாய்க் கிடந்தது.
சால்வையில் சுற்றி வாசலுக்குத் தூக்கிவந்தேன்.
மூக்கைத் தூக்கினாய்.
ஒரு நொடிதான்.
பிறகு என் முழங்கை மடிப்புக்குள் செருகிக்கொண்டாய்.

அன்றைக்குத்தான் ஊசிக்கு நாள் குறித்திருந்தது.
போன் செய்து, நாளைக்கு என்றேன்.
டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை.
அந்த ஒரு நாள்
உனக்கா எனக்கா என்பது
இன்னும் கணக்கில் நேராகவில்லை.

மறுநாள் ஏழு மணி பஸ்.
கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து
"லக்கேஜ் போடணுங்க்கா" என்றான். போட்டான்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் நீ சரியாமல் இருக்க
கூடையை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.
கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது.
நீ கண்ணைச் சுருக்கினாய்,
வெயில் உனக்கு எப்போதும் பிடிக்கும்.

டாக்டரின் மேஜையில்
நிறுக்கும் மிஷின் ஒன்று இருந்தது.
இரண்டு நூறு என்றது.
எழுத என்னிடம் பேனா இல்லை.

மாலை அதே பஸ், அதே கண்டக்டர்.
கூடையின் மேல் துண்டு மூடியிருந்தது.
டிக்கெட் மிஷினைக் கையில் எடுத்தவன்
பின் சீட்டுக்குப் போய்விட்டான்.

மடியில்
போனபோது இருந்த அதே எடை.
முதல் வளைவு வந்தது.
கூடையை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.