பச்சை வயர்

வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஒன்று கால் தினார்.
சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகள்.
ஷஃபிகுல் ஐந்து வாங்கிவந்தான்.
ரோஸ் நிறமெல்லாம் பெட்டை,
கடைக்காரன் சத்தியம் செய்தானாம்.

மீனா அப்துல்லா கேம்ப்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கேபிள் சுற்றிவந்த மரச்சக்கரம்தான் கூடு.
முதீர் வந்து எட்டிப் பார்த்தார்.
முட்டை போடுவது இருக்கலாம்,
கூவுவது கூடாது.
நைட் ஷிஃப்ட்காரன் பகலில் தூங்க வேண்டும்.

ஆறாவது வாரம் சாயமெல்லாம் உதிர்ந்து
ஐந்தும் ஒரே தவிட்டு நிறம்.

குழாயில் வெல்டிங் மடிப்பைப் பார்த்து
தேறும், தேறாது என்று
குறி போடுகிறவன் நான்.
அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

டார்ச் அடித்துக் குந்தியிருந்தேன்,
நாலைந்து ராத்திரி.
கொண்டை முந்திச் சிவந்தால் சேவல்.
கால் தடித்தால் சேவல்.
முதுகில் இறகு மூடாமல்
தோள் மொட்டையாய்த் தெரிந்தாலும்.
கழுத்து மயிர்
வேப்பிலை நுனியாய் இறங்குகிறதா,
வட்டமாய் முடிகிறதா,
அதையும் பார்க்க வேண்டும்.
இதெல்லாம் கோழிகளுக்குத் தெரியாது.
என் பூட்ஸ் கயிற்றைப் புழுவென்று கொத்தின.

இரண்டு பெட்டை, சந்தேகமில்லை.
ஒன்று சேவல், குருடனும் சொல்வான்.
மற்ற இரண்டில்
ஒன்று மூலையில் ஒடுங்கிக்கொள்ளும்.
ஒன்று, கையை நீட்டினால் ஓடாது,
நிமிர்ந்து நின்று என்னை அளக்கும்.
அது போதுமாக இருந்தது எனக்கு.
ஒடுங்கியதன் காலில் பச்சை வயர்,
நிமிர்ந்ததன் காலில் சிவப்பு.

பதினோராம் வாரம், சம்பள நாள்.
நைனா முகமது பிஸ்மில்லா சொல்லி அறுத்தார்.
வெந்நீரில் முக்கி மயிர் பிடுங்கி
குடல் எடுக்கும் வேலை என்னுடையது.
முதலாவது சரிதான்.
இரண்டாவதில்
முதுகெலும்பை ஒட்டி,
ஈரல் பக்கமாக,
கசகசா அளவில் மணிமணியாக
ஒரு சின்னக் கொத்து.

குழாயைத் திறந்துவிட்டேன்.
மசாலா தூக்கலாக இருக்கிறதென்றார்கள்.
எலும்பைக்கூட விடவில்லை.

இரவு சுகந்தி பேசினாள்.
ஏழாம் மாத ஸ்கேன் முடிந்தது,
என்ன குழந்தையென்று சொல்லமாட்டார்களாம், சட்டம்.
நல்லது என்றேன்.
ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்றாள்.
சிக்னல் சரியில்லை என்றேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
காலை பத்து மணி வெயில்.
காய்ச்சலென்று லீவில் படுத்திருந்தேன்.
துருப்பிடித்த ஷட்டரைப் பாதிவரை தூக்கி
விட்டுவிட்டதுபோல் ஒரு சத்தம்.
மறுபடியும்.
மூன்றாவது தடவை
அது என்னவென்று சந்தேகமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
எனக்கு முன்னால் அங்கே தில் பகதூர்,
நைட் ஷிஃப்ட், லுங்கியோடு,
கண் இரண்டும் செக்கச்செவேலென்று.
பச்சை வயர் கட்டியிருந்த அந்தக் காலை
வெகுநேரம் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.

தன் கம்பளியைக் கொண்டுவந்து
கூட்டின்மேல் போட்டு மூடினான்.
முதீர் கேட்டால்
என் மொபைல் அலாரம் என்று சொல், என்றான்.
போர்வை இல்லாமல்
ஏசிக் குளிரில் போய்ப் படுத்துக்கொண்டான்.