நான்கு விரற்கடை

விபத்து என்று எங்கும் பதிவாகவில்லை.
பிப்ரவரி. ரீகா. கல்பாலம் இறங்கும் வளைவு.
பனிச்சறுக்குப் பலகையோடு ஓடிவந்த ஒரு பையன்
தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தான்.
சக்கரத்தடியில் மணல் கொட்டியது, மணி அலறியது,
பெட்டிக்குள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர்.
டிராம் நின்றபோது
அவன் தொப்பிக்கும் என் முகப்புக்கும் இடையே
நான்கு விரற்கடை.
எழுந்தான். பலகையைத் தட்டினான்.
எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான், படுபாவி.

"ஒன்றும் நடக்கவில்லை" என்று
நானே எழுதிக் கையெழுத்திட்டேன்:
வெல்கா ஸ்ட்ராஸ்தா, ஓட்டுநர், பத்தொன்பது ஆண்டு.
வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.
வேறெந்த வகையிலும்கூடத்தான்.

அன்றிலிருந்து என் வலது கை
பிரேக்கைப் பிடித்திருக்கிறது.
ரொட்டி அறுக்கும்போதும். தூங்கும்போதும்.
வாங்கிய காற்று மேலேயே நிற்கிறது,
கழுத்துப் பொத்தானுக்கு அருகில்,
இறங்கும் நிறுத்தம் தெரியாத பயணிபோல.

பணிமனைச் சிற்றுண்டிச்சாலை, செவ்வாய் மாலை.
மேசைகளை ஓரம் தள்ளி
முட்டைக்கோஸ் சூப் வாடைக்கு நடுவே
ஆறு பேர் கம்பளியில் உட்கார்ந்தோம்.
சொல்லித்தர வந்த ரைவிஸ் முன்னாள் நீச்சல்காரன்.
அன்று பார்த்து அவனுக்கே சளி,
வலப்பக்கம் முழு அடைப்பு.
"இடது வழியாக இழுத்து, வலது வழியாக..."
நடுவில் மாட்டிக்கொண்டு கண் கலங்கினான்.
டிக்கெட் பரிசோதகி ட்சிட்ரா சொன்னாள்:
"ஒருவழிப் பாதை. பலகை வை."
சிரித்ததில்தான் எனக்கு
அந்த மாதத்தின் முதல் முழு மூச்சு வெளியே போனது.
அது பயிற்சியில் சேராது என்றான் அவன்.
சேரும் என்றது என் விலா.

மூக்கை மூட வலது கட்டைவிரல் வேண்டும்.
என் வலதுதான் வேலையில் இருக்கிறதே.
இடக்கையால் மூடினேன். அவன் திருத்தவில்லை.
நாலு எண்ணி இழு. எட்டு எண்ணி விடு.
இந்த விடுதான் வரவில்லை.

உங்களுக்கு எப்படிச் சொல்வது?
என் காலடியில் ஒரு மிதி உண்டு.
அழுத்தியே இருக்க வேண்டும். கால் எடுத்தால்
ஓட்டுநர் செத்துப்போனாள் என்று முடிவுகட்டி
வண்டி தானே நின்றுவிடும்.
பத்தொன்பது ஆண்டில் உடம்பு கற்ற ஒரே பாடம்:
விடாதே.
இப்போது ஒருவன் மூக்கை உறிஞ்சியபடி சொல்கிறான்,
விடு, முழுசாக விடு,
அடியில் போய்க் கொஞ்சம் சும்மா இரு.

சும்மா இருப்பதா.
அங்கேதான் அந்தப் பையன் விழுந்துகிடக்கிறான்.

மூன்றாவது வாரமோ நாலாவதோ,
பழைய கணக்கு ஒன்று சொன்னான் ரைவிஸ்:
வெளியேறும் மூச்சு பன்னிரண்டு விரற்கடை,
திரும்பி வருவது எட்டு.
நான்கு நஷ்டம்.
ஒவ்வொரு முறையும், எல்லோருக்கும்.
தண்டவாளம் பற்றவைக்கும் இல்மார்ஸ்
"அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?" என்றான்,
சம்பளப் பிடித்தம் விசாரிப்பவன்போல.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு.
ஒரு தொப்பி, ஒரு முகப்பு, நடுவே அது.
நஷ்டம் என்று யார் சொன்னது.

குணமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
சில நாள் கை இன்னும் இறுகுகிறது.
தேனீபோல முரலும் பயிற்சியை வீட்டில் தொடங்கினால்
பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.

நேற்று, பாலத்துக்கு முன், சிவப்பு விளக்கு.
கீழே தௌகவா ஆறு உடைந்து
தட்டுத் தட்டாய் நகர்ந்துகொண்டிருந்தது.
மோட்டார் ஒரே சுருதியில் ரீங்கரித்தது,
வாய் திறக்காமல் நானும் சேர்ந்துகொண்டேன்.
எட்டு எண்ணினேனா, பன்னிரண்டா, தெரியாது.
கண்ணாடியில் நான் விட்டது படிந்து
ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கியது.
வலது கை மடியில் கிடந்தது,
யாரோ இருக்கையில் மறந்துபோன கையுறைபோல.

பின்னால் நின்ற வண்டி மணியடித்தது.
பச்சை விழுந்து
எவ்வளவு நேரமோ.